மஞ்சள் விளக்கு சொன்னது ஒன்று, நான் கேட்டது ஒன்று

காலை மணி எட்டரை இருக்கும். பள்ளி வேன் ஓட்டும் அங்கிள் ஒருவர் எங்கள் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக வந்திருந்தார்.

"ஏம்மா, இந்த மஞ்ச லைட்டு நேத்திலிருந்து எரியுது. என்னான்னு கொஞ்சம் பாரும்மா. பன்னெண்டு மணிக்குள்ள நான் கெளம்பணும். பிள்ளைங்கள ஏத்தணும்" என்றார்.

நான் பாலிடெக்னிக்கில் வாகனத் தொழில்நுட்ப டிப்ளோமா படிக்கும் மாணவி. தொழிற்பயிற்சிக்காகக் கிள்ளானில் உள்ள ஒரு பட்டறையில் சேர்ந்து அப்போது ஆறு வாரம் ஆகியிருந்தது. பட்டறை முதலாளியை நாங்கள் எல்லாரும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவோம். அன்று அவர் சாலையில் நின்றுபோன ஒரு லாரியைப் பார்க்கப் போயிருந்தார். இன்னொரு ஃபோர்மேன் வேறொரு காரின் கீழே படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். ஸ்கேனர் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினேன். அரை நிமிடத்தில் திரையில் ஒரு கோட் வந்தது. பி0171. அதன் கீழே, எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்ற விளக்கமும் இருந்தது.

காற்று அதிகம் என்று கணினிக்குச் சொல்வது யார்? எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சர். அப்படியானால் சென்சர்தான் கெட்டுப்போயிருக்கும் என்று என் மூளை ஒரே தாவலில் முடிவு செய்தது. கைப்பேசியில் தேடினேன். அங்கும் இரண்டு மூன்று பேர் சென்சரை மாற்றியதாக எழுதியிருந்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். லாரி சத்தத்துக்கு நடுவில், "சோதிச்சுப் பாத்தியா?" என்று கேட்டார். "சோதிச்சிட்டேன் அண்ணே" என்றேன். பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஸ்கேனரைச் செருகிக் கோட்டைப் படிப்பதுதான் சோதனை என்று அன்று நான் உண்மையிலேயே நம்பியிருந்தேன்.

சென்சரின் விலை 380 ரிங்கிட். அங்கிள் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து 200 ரிங்கிட் எடுத்துக் கொடுத்தார். மீதியை மாதக் கடைசியில், பெற்றோர்கள் வேன் பணம் கொடுத்ததும் தருவதாகச் சொன்னார். சென்சரை மாற்றினோம். நான் கோட்டை அழித்தேன். விளக்கு அணைந்தது. பதினொன்றே முக்காலுக்கு வேன் கிளம்பியது. அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் படவில்லை.

நான்காம் நாள் காலை, அதே வேன் அதே இடத்தில் வந்து நின்றது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கிள் கோபப்படவில்லை. "அந்தப் பழைய சென்சர தூக்கிப் போட்டுட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்று அண்ணன் பட்டறையில் இருந்தார். என்னைப் பார்த்து, "கோட்ட பாத்தியா, வண்டிய பாத்தியா?" என்றார். அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த நாள்முதல் கற்ற மிகப் பெரிய பாடம். வீட்டில் கார் வைத்திருக்கும் எவருக்கும், சீக்கிரம் சொந்தமாக ஒரு கார் வாங்கப்போகும் மாணவர்களுக்கும் அது பயன்படும் என்பதால் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அந்த விளக்கு எதற்காக வந்தது?

1985இல் வெளிவந்த நம் நாட்டின் முதல் புரோட்டான் சாகா காரில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது கார்புரேட்டர். அண்ணன் பட்டறை வேலைக்கு வந்த காலம் அது. எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டு, புகையின் நிறத்தைக் கண்ணால் பார்த்து, பெட்ரோல் வாடையை மூக்கால் முகர்ந்துதான் கோளாறைக் கண்டுபிடிப்பார்களாம்.

இன்றைய கார்களில் அந்தக் கலவையை ஒரு கணினி முடிவு செய்கிறது. உள்ளே போகும் காற்றின் அளவு, எஞ்சினின் வெப்பம், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம், எக்ஸாஸ்ட்டில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்பதையெல்லாம் பல சென்சர்கள் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஏதேனும் ஓர் அளவு எல்லை தாண்டினால் கணினி அதை ஒரு கோட்டாகப் பதிவு செய்து, எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கை எரியவிடும்.

இந்த ஏற்பாடு ஓட்டுநரின் வசதிக்காக மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் பல ஆண்டுகளாகப் புகைமூட்டத்தால் அவதிப்பட்டது. கார்கள் விடும் புகையும் சூரிய ஒளியும் சேர்ந்துதான் அந்தப் புகைமூட்டம் உருவாகிறது என்பதை 1950களில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் அறிஞர் விளக்கினார். புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்பதைக் காரே கண்காணிக்க வேண்டும் என்ற விதியை 1988 மாடல் கார்களிலிருந்து கலிஃபோர்னியா கொண்டுவந்தது. பிறகு, எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும் ஒரே வகை சாக்கெட், ஒரே வகை கோட் இருக்க வேண்டும் என்ற ஓபிடி-2 முறை 1996 மாடல்முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. ஐரோப்பா 2001இல் பெட்ரோல் கார்களுக்கு இதே போன்ற விதியைக் கொண்டுவந்தது. அதன் பலனாகத்தான் இன்று நம்மூர்ப் பட்டறையிலும் ஒரே ஸ்கேனரைக் கொண்டு பல நிறுவனக் கார்களைப் படிக்க முடிகிறது.

இது தெரிந்தால் ஒரு விஷயம் புரியும். அந்த விளக்கு முக்கியமாகக் கவனிப்பது எஞ்சின் எரிக்கும் விதத்தையும் அது விடும் புகையையும்தான். பிரேக் பேட் தேய்ந்தாலும் டயர் வழுக்கையானாலும் அது வாய் திறக்காது. விளக்கு எரியவில்லை என்பதற்காக கார் நல்ல நிலையில் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

ஐந்து எழுத்துகளைப் படிப்பது எப்படி?

ஒவ்வொரு கோட்டும் ஓர் ஆங்கில எழுத்தும் அதைத் தொடர்ந்து நான்கு இடங்களும் கொண்டது. பவர்டிரெயின், அதாவது எஞ்சினும் கியரும் சார்ந்த கோட்டுகள் 'பி'யில் தொடங்கும். பாடி, அதாவது ஏர்பேக், கதவு, குளிர்சாதனம் போன்றவை சார்ந்தவற்றுக்கும் தமிழில் எழுதினால் 'பி'தான் வரும். ஆங்கிலத்தில் அவை இரண்டும் வேறு எழுத்துகள் என்பதால் திரையில் குழப்பம் இருக்காது. பிரேக், ஸ்டீயரிங் முதலான சேசிஸ் பகுதிக்கு 'சி'. கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வலைப்பின்னலுக்கு 'யு'. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாக் கோட்டுகளும் எஞ்சின் பகுதியைச் சேர்ந்தவை.

அடுத்த இடத்தில் 0 இருந்தால் அது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கோட். 1 இருந்தால் அந்தக் கார் நிறுவனம் தனக்கென வைத்துக்கொண்டது. அதன் பொருளை அந்த நிறுவனத்தின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது இடம் எந்தப் பகுதி என்பதைச் சொல்லும். 1, 2 என்றால் பெட்ரோலும் காற்றும். 3 என்றால் எரியூட்டல், அதாவது ஸ்பார்க் பிளக், காயில் பக்கம். 4 என்றால் புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள். 5 என்றால் வேகமும் ஐடல் ஓட்டமும். 6 கணினியின் பகுதி. 7, 8 கியர். கடைசி இரண்டு எண்கள் குறிப்பிட்ட பிரச்சினையைக் காட்டும்.

பி0171ஐ இப்போது படித்துப் பாருங்கள். எஞ்சின் பகுதி, பொதுக் கோட், பெட்ரோலும் காற்றும் சார்ந்தது, கலவையில் பெட்ரோல் குறைவு. இந்த ஐந்து எழுத்துகளில் எங்காவது "ஆக்சிஜன் சென்சரை மாற்று" என்று இருக்கிறதா? இல்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

டாக்டரிடம் போகும்போது "காய்ச்சல் 39 பாகை" என்று தெர்மோமீட்டர் காட்டுகிறது. அது டெங்கியா, சளிக் காய்ச்சலா, தொண்டைப் புண்ணா என்று தெர்மோமீட்டருக்குத் தெரியாது. நான் அன்று செய்த வேலை, காய்ச்சல் என்று காட்டியதற்காகத் தெர்மோமீட்டரையே மாற்றியது போன்றது. பழைய சென்சர் சரியாகத்தான் வேலை செய்தது. கலவையில் உண்மையாகவே காற்று அதிகமாக இருந்தது.

நான் அழித்த தடயம்

"முத தடவ வந்தப்ப ஃப்ரீஸ் ஃப்ரேம எழுதி வச்சியா?" என்று அண்ணன் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வகுப்பில் படித்திருந்தேன், தேர்விலும் எழுதியிருந்தேன். பட்டறையில் மறந்துவிட்டேன்.

கோட் பதிவாகும் கணத்தில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதைக் கணினி ஒரு புகைப்படம் போலப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டியின் வேகம், எஞ்சின் சுழற்சி, வெப்பம், பெட்ரோல் சரிக்கட்டல் ஆகியவை அதில் இருக்கும். கோட்டை அழித்தால் அந்தப் பதிவும் போய்விடும். குற்றம் நடந்த வீட்டைக் காவல்துறை வருவதற்குள் நானே கழுவிவிட்டது போல ஆகிவிட்டது.

நல்ல வேளையாகக் கோட் மீண்டும் வந்ததால் புகைப்படமும் மீண்டும் கிடைத்தது. வேகம் பூஜ்யம். எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 720. வெப்பம் 88 பாகை செல்சியஸ். அதாவது எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, வண்டி நின்றுகொண்டிருந்தபோது வந்த பிரச்சினை. பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த நேரமாக இருக்கலாம் என்று அங்கிள் சொன்னார்.

விளக்கு ஏன் மூன்று நாள் அணைந்திருந்தது என்ற கேள்விக்கும் அண்ணன் பதில் சொன்னார். இத்தகைய பல கோட்டுகளுக்கு, ஒரே தவறை இரண்டு வெவ்வேறு பயணங்களில் பார்த்த பிறகுதான் கணினி விளக்கை எரியவிடும். முதல் தடவை பார்த்ததை 'நிலுவை' என்று வைத்துக்கொள்ளும். அதோடு, கோட்டை அழிக்கும்போது கணினி கற்று வைத்திருந்த சரிக்கட்டல் கணக்கும் அழிந்து பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே விளக்கு அணைந்ததை வைத்து வண்டி சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அது அணைந்தது நான் அழித்ததால்தான்.

வண்டியைப் பார்த்தோம்

பெட்ரோல் முழுதாக எரிய, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். படிவம் நான்கில் வேதியியல் படிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று புரியும். கணினி இந்த விகிதத்தை விட்டு விலகாமல் இருக்கத் தொடர்ந்து முயலும். காற்று அதிகம் என்று சென்சர் சொன்னால் பெட்ரோலைக் கூட்டும், குறைவு என்றால் குறைக்கும். இப்படிக் கூட்டிக் குறைப்பதை விழுக்காட்டில் ஸ்கேனர் காட்டும். அந்த நேரத்துத் திருத்தம் ஒன்று, நெடுநாள் கற்றுக்கொண்ட திருத்தம் இன்னொன்று. இரண்டையும் கூட்டினால் கூட்டல் பத்து, கழித்தல் பத்துக்குள் இருப்பது பொதுவாக நல்லது.

எஞ்சினைச் சூடாக்கி, ஐடலில் விட்டுப் பார்த்தோம். நெடுநாள் திருத்தம் கூட்டல் 22, உடனடித் திருத்தம் கூட்டல் 9. மொத்தம் 31 விழுக்காடு. கணினி வழக்கத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெட்ரோலை அதிகமாக ஊற்றிக்கொண்டிருந்தது.

"இப்ப 2500ல புடி" என்றார் அண்ணன். ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்து நிமிடத்துக்கு 2500 சுழற்சியில் நிறுத்தினேன். எண்கள் இறங்கத் தொடங்கின. 20, 14, கடைசியில் 7இல் வந்து நின்றது.

"என்னா தெரியுது?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் ஒரு குவளையையும் வாளியையும் காட்டினார். குவளைத் தண்ணீரில் ஒரு கரண்டி உப்புப் போட்டால் கரிக்கும். வாளித் தண்ணீரில் அதே ஒரு கரண்டி தெரியாது.

அப்போது எனக்குப் புரிந்தது. எங்கோ ஓர் ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடலில் எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்று மிகக் குறைவு. திராட்டில் மூடியிருப்பதால் உள்ளே உறிஞ்சும் விசையும் அதிகம். அதனால் ஓட்டைக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. சுழற்சி கூடும்போது மொத்தக் காற்று பல மடங்காகிவிடும், ஓட்டையின் பங்கு சிறிதாகிவிடும். இந்த வேனில் காற்றை அளக்கும் சென்சர் முன்னால் இருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே புகும் காற்று அதன் கணக்கில் வராது.

மாறாக, பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால் கதை தலைகீழாக இருக்கும். ஐடலுக்குத் தேவையான பெட்ரோலை அது எப்படியோ கொடுத்துவிடும். மேட்டில் ஏறும்போதும் வேகமாகப் போகும்போதும்தான் திணறும். அப்போது திருத்த எண் ஏறும். ஒரே கோட், இரண்டு வெவ்வேறு நோய்கள். அவற்றைப் பிரித்துக் காட்ட ஐந்து நிமிடமும் ஒரு வலது காலும் போதும்.

பிறகு புகைச் சோதனை. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு சிறு கருவியால் அடர்ந்த வெள்ளைப் புகையை மெல்லிய அழுத்தத்தில் காற்றுவழிக்குள் செலுத்தினோம். அண்ணன் டார்ச் விளக்கையும் கைப்பிடிக் கண்ணாடியையும் என்னிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். இரண்டு நிமிடம் எதுவும் தெரியவில்லை. பிறகு எஞ்சினின் பின்பக்கம், கைவிரல் தடிமனுள்ள ஒரு ரப்பர் குழாயின் அடியிலிருந்து நூல் போலப் புகை எழுந்தது. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மீண்டும் காற்றுவழிக்கே கொண்டுபோகும் குழாய் அது. மேலிருந்து பார்த்தால் புதிது போல இருந்தது. வளைவின் அடியில் வெப்பத்தில் காய்ந்து வெடித்திருந்தது.

புதிய குழாயின் விலை 14 ரிங்கிட்.

மாற்றிய பிறகு கோட்டை அழித்தோம். இம்முறை எல்லா எண்களையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் அழித்தேன். வண்டியை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து மீண்டும் ஐடலில் பார்த்தோம். மொத்தத் திருத்தம் 3 விழுக்காடு.

சென்சரைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பொருத்திக் கழற்றிய மின்பாகத்தைப் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அண்ணன் கூலிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பாக்கி 180 ரிங்கிட்டைத் தர வேண்டாம் என்றார். மற்றதை அடுத்தடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். என் பயிற்சிப் படித்தொகையில் பிடித்துக்கொள்ளும்படி நான் கேட்டேன். "பணத்த புடிச்சா கணக்கு தீந்துச்சின்னு நீ மறந்துடுவ. எழுதி வை" என்றார். என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது அந்த வேனின் கதைதான்.

அடிக்கடி வரும் கோட்டுகள், அவசரத்தில் செய்யும் தவறுகள்

பி0300 வரிசை: எஞ்சினின் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்று சொல்ல முடியாதபடி அங்கங்கே நிகழ்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள கார்களில் பணச் செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி, இரண்டாவதை முதலில் மாட்டுங்கள். ஓட்டிப் பார்த்ததும் கோட் பி0302 ஆக மாறினால் காயில்தான் கெட்டது. மாறாமல் பி0301 ஆகவே இருந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். நான்கு காயில்களையும் சேர்த்து வாங்கும் முன் இதைச் செய்யலாம்.

பி0420: எக்ஸாஸ்ட்டில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் புகையைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. விலை அதிகமான பாகம் என்பதால் இந்தக் கோட்டைப் பார்த்தாலே வயிறு கலங்கும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சரின் மின்னழுத்தத்தைப் பாருங்கள். ஓரளவு நிலையாக இருந்தால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. முன்பக்கச் சென்சரைப் போலவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் சந்தேகப்படலாம். அதற்கு முன், எக்ஸாஸ்ட் குழாயில் கசிவு இருக்கிறதா, எஞ்சின் எண்ணெய் எரிகிறதா, மிஸ்ஃபயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூல காரணத்தை விட்டுவிட்டுக் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் கெட்டுப்போகும்.

பி0128: எஞ்சின் சூடாக வேண்டிய அளவுக்குச் சூடாகவில்லை. திறந்த நிலையில் சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் காரணமாக இருக்கலாம். கூலன்ட் நீர் குறைந்திருந்தாலும் இந்தக் கோட் வரலாம். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு நீரளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

பி0455: பெட்ரோல் ஆவி கசிகிறது. இந்தக் கண்காணிப்பு உள்ள கார்களில் சில நேரம் காரணம் சரியாக மூடாத பெட்ரோல் டேங்க் மூடிதான். முதலில் மூடியை 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை திருகிவிட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்கள்.

எப்போது ஓட்டலாம், எப்போது நிறுத்த வேண்டும்?

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம் போல ஓடினால் பதற வேண்டாம். மிதமாக ஓட்டி, விரைவில் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

அதே விளக்கு கண்சிமிட்டினால் விஷயம் வேறு. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. அதிக வெப்பத்தில் கன்வெர்ட்டரின் உட்பகுதி உருகிவிடும். உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, உதவிக்கு அழையுங்கள்.

சிவப்பு நிற எண்ணெய் விளக்கோ, வெப்ப விளக்கோ எரிந்தால் பேச்சே இல்லை. பாதுகாப்பாக ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். "வீட்டுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான்" என்று ஓட்டி எஞ்சினைக் கொன்றவர்களை இந்த ஆறு மாதத்தில் நானே பார்த்திருக்கிறேன்.

முதல் கார் வாங்கப்போகும் மாணவர்களுக்கு

பயன்படுத்திய கார் வாங்கும்போது, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்புங்கள். மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன்பும் எரியவே இல்லையென்றால் விளக்கு பழுதாக இருக்கலாம், யாராவது வேண்டுமென்றே துண்டித்தும் இருக்கலாம்.

ஸ்கேனரில் சுய சோதனைகளின் நிலையையும் பாருங்கள். கோட்டை அழித்தால் அந்தச் சோதனைகளும் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். பல சோதனைகள் முடியாமல் இருந்தால், பேட்டரியைக் கழற்றியிருக்கலாம் அல்லது நீங்கள் பார்க்க வருவதற்குச் சற்று முன்பு யாரோ கோட்டை அழித்திருக்கலாம். சில நாள் ஓட்டிய பிறகு மீண்டும் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

கைப்பேசியோடு புளூடூத்தில் இணையும் சிறு கருவிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. கோட்டையும் திருத்த எண்களையும் பார்க்க அவையே போதும். ஏர்பேக், ஏபிஎஸ் போன்ற பகுதிகளை அவற்றில் பல படிப்பதில்லை. ஓட்டிக்கொண்டே கைப்பேசியைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இதையே தொழிலாக்க விரும்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்பிஎம் முடித்தபின் பாலிடெக்னிக் ஒரு வழி. மலேசியத் திறன் சான்றிதழ் என்னும் எஸ்கேஎம் இன்னொரு வழி. அதில் 1முதல் 3வரை சான்றிதழ் நிலைகள், 4 டிப்ளோமா, 5 உயர்நிலை டிப்ளோமா. கையில் எண்ணெய்க் கறை படிந்தாலும் இந்த வேலைக்கு இயற்பியலும் கணக்கும் தேவை. பழுதுபார்ப்புக் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கில வாசிப்பும் தேவை.

ஒரு கேள்வி போதும்

என் பயிற்சிக் காலம் முடியப்போகிறது. நோட்டில் இப்போது 40 வண்டிகளுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே வரிசையில்தான் எழுதுகிறேன்: கோட், ஃப்ரீஸ் ஃப்ரேம், என்ன சோதித்தேன், என்ன கிடைத்தது, மாற்றிய பிறகு எண் எவ்வளவு. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் பாகம் வாங்க அண்ணன் பணம் கொடுப்பதில்லை.

உங்கள் வீட்டுக் காரில் அந்த விளக்கு எரிந்து, பட்டறையில் ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னால், மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "கோட் இதுதான்னு புரியுது. இந்தப் பாகம்தான் கெட்டிருக்குன்னு எப்படி உறுதி பண்ணீங்க?" நல்ல ஃபோர்மேன் அதற்குக் கோபப்பட மாட்டார். எண்ணைக் காட்டுவார், குழாயைக் காட்டுவார், விளக்கிச் சொல்வார்.

அந்த அங்கிள் கேட்கவில்லை. ஸ்கேனர் கையில் இருந்ததால் என்னை நம்பினார். போன வாரம் எண்ணெய் மாற்ற வந்தபோது வேன் சாவியை அண்ணனிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். விளக்கு எரியவில்லை. இருந்தாலும் ஸ்கேனரைச் செருகித் திருத்த எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன். 2 விழுக்காடு.